மணியோசையும் பாங்கொலியும்

 

சென்ற மாதம் ஒருநாள் மஃரிப் தொழுகை முடிந்து, மக்தபுப் பிள்ளைகள் தத்தம் வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த வேளை. ஒரு தாய் தம் மகளின் கையைப் பிடித்தவாறு மதரஸா வாயிலில் வந்து நின்றார். அவரது மற்றொரு கையில் தண்ணீர் நிறைந்த பாட்டில் ஒன்று இருந்தது.

"ஹஜ்ரத், பிள்ளைக்குப் பத்து நாளாகக் காதுவலி. வகுப்பு டீச்சர் கவனித்து, டைரியில் எழுதி அனுப்பியிருந்தார். டாக்டரிடம் காட்டினோம். காதில் ஒரு குறையும் இல்லை என்கிறார். கொஞ்சம் தண்ணீர் ஓதித் தாருங்கள்" என்றார்.

அச்சிறுமியை நான் நன்கறிவேன். சென்ற ஆண்டுவரை எம்மிடம் ஓதியவள். இவ்வாண்டு ஏழாம் வகுப்பு. செங்கற்பட்டிலுள்ள கிறித்தவப் பள்ளி ஒன்றுக்குப் பேருந்தில் சென்று வருகிறாள். வீடு திரும்ப நேரமாகிவிடுவதால் மாலை மக்தபுக்கு வருவது நின்றுபோயிற்று.

"எந்தக் காதம்மா வலிக்கிறது?" என்று கேட்டேன். விடையில்லை.

"எப்போது வலிக்கிறது?"

"காலையில் மட்டும், ஹஜ்ரத்."

"காலையில் எந்நேரம்?"

"பிரேயர் நேரத்தில்."

தாய் திடுக்கிட்டார். சிறுமி தேம்பத் தொடங்கினாள். சற்று நேரத்தில் செய்தி முழுவதும் வெளிவந்தது. பள்ளியில் காலை வழிபாட்டின்போது ஓதப்படும் ஜெபம் காதில் விழுந்தாலே ஈமான் போய்விடும் என்று உறவுக்காரப் பெண்மணி ஒருவர் அவளிடம் கூறியிருக்கிறார். அன்று முதல் அவள் வழிபாட்டு வேளையில் இரு காதுகளையும் விரல்களால் அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அதைக் கண்ட ஆசிரியை பதறி, "காது வலிக்கிறதா?" என்று கேட்க, அவளும் "ஆம்" என்று தலையசைத்துவிட்டாள். அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற வீட்டில் ஒரு பொய், மருத்துவரிடம் ஒரு பொய். இறுதியில் ஓதிய தண்ணீர் வாங்க என்னிடம் வந்து நிற்கிறாள்!

நேயர்களே, ஈமானைக் காத்துக்கொள்ள எண்ணிய குழந்தை பத்து நாட்களாகப் பொய்யுரைத்து வந்திருக்கிறாள். இதற்குப் பொறுப்பு யாருடையது? அவளுக்குக் காது வலிக்கிறதோ என்று கவலைப்பட்டு எழுதியனுப்பிய ஆசிரியையுடையதா? அல்லது அச்சத்தைத் தந்துவிட்டு அறிவைத் தர மறந்த நம்முடையதா?

இக்கேள்வி என்னை உலுக்கியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அதைப் பின்னர்க் கூறுகிறேன்.

நான் பயின்ற பள்ளி

நானும் ஒரு கிறித்தவப் பள்ளியின் மாணவனே. 1989 ஜூன் மாதம் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கற்பட்டுக்கு ஏறத்தாழ 14 கிலோமீட்டர். விடியலில் பஜ்ர் தொழுகை. அதன்பின் மக்தபில் ஓதல். வீட்டுக்கு ஓடிவந்து பழைய சோற்றையோ இட்லியையோ விழுங்கிவிட்டு ஏழரை மணிப் பேருந்தைப் பிடித்தல். பேருந்து நிலையத்தில் நிற்கும்போது ஒரு பக்கம் வேதகிரி மலைக்கோயிலின் மணியோசை கேட்கும். அந்நாளில் நண்பகல் வேளையில் உணவுண்ண அம்மலைக்குக் கழுகுகள் வந்துகொண்டிருந்தன. வெளியூரார் அதைக் காணத் திரள்வர். ஊர்ப் பிள்ளைகளாகிய எங்களுக்கோ அது விடுமுறை நாள் வேடிக்கை. பிற்காலத்தில் அக்கழுகுகளின் வரவு நின்றுவிட்டது.

பள்ளியின் முதல் மணி அடித்ததும் வகுப்பு வாரியாக வரிசையில் நிற்போம். தமிழ்த்தாய் வாழ்த்து பாடப்படும். பின்னர் ஒரு மாணவன் விவிலியத்தின் ஒரு பகுதியை வாசிப்பான். தலைமையாசிரியர் சுருக்கமாக ஜெபிப்பார். அதனைத் தொடர்ந்து திருக்குறளும் பொருளும், அன்றைய செய்தி, உறுதிமொழி. கிறித்தவ மாணவர்கள் "ஆமென்" என்பர். நாங்கள் வாய்மூடி நிற்போம். "ஏன் சொல்லவில்லை?" என்று என்னை எவரும் என்றும் கேட்டதில்லை. அந்நேரத்தில் நெஞ்சுக்குள் ஸூரத்துல் பாத்திஹாவை ஓதிக்கொள்ளும்படி என் அத்தா சொல்லிக் கொடுத்திருந்தார். ஆறு ஆண்டுகள் அவ்வாறே செய்தேன்.

வாரத்தில் இருமுறை கிறித்தவ மாணவர்கள் மறைக்கல்வி வகுப்புக்குச் செல்வர். ஏனையோர்க்கு நீதிபோதனை. அவ்வகுப்பை எடுத்த முதியவர் ஒரு சைவர். நெற்றியில் திருநீற்றுடன் வந்து, கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் கொடையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். தமிழாசிரியரோ கிறித்தவர். உமறுப்புலவரின் சீறாப்புராணப் பாடல்களை நடத்தும் நாளில் என்னை எழுப்பி, "இந்த அரபுப் பெயரைச் சரியாக உச்சரித்துக் காட்டு தம்பி, நான் பிழையாகச் சொல்லி உங்கள் மனம் நோகக் கூடாது" என்பார். வகுப்பில் ஐம்பது பேர் கேட்க, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் குடும்பத்தார் பெயர்களை நான் உச்சரித்துக் காட்டிய பெருமிதம் இன்றும் நெஞ்சில் நிற்கிறது.

வெள்ளிக்கிழமைதான் சிக்கலான நாள். உணவு இடைவேளை பன்னிரண்டரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிந்துவிடும். ஜும்ஆ முடிய ஒன்றே முக்கால் ஆகும். என் அத்தாவும் வேறு சில பெற்றோரும் சென்று கேட்டதன்பேரில், வெள்ளியன்று முஸ்லிம் மாணவர்கள் இரண்டு மணிவரை வகுப்புக்கு வரலாம் என்று தலைமையாசிரியர் இசைந்தார். சில மாதங்கள் ஒழுங்காக நடந்தது. பிறகொரு வெள்ளியன்று, தொழுகை முடிந்ததும் நாங்கள் மூவர் கடைத்தெருவில் சுற்றிவிட்டு இரண்டரைக்கு வந்தோம். தலைமையாசிரியர் அழைத்தார். பிரம்பு மேசைமீது இருந்தது. அதைத் தொடவில்லை.

"இந்த அரைமணியை உங்கள் தொழுகைக்காகத் தந்தேன். இதில் நீங்கள் என்னை ஏமாற்றவில்லை. எவனுக்காக வாங்கினீர்களோ அவனை ஏமாற்றிவிட்டீர்கள்" என்றார்.

தக்வாவைப் பற்றி எத்தனையோ நூல்களைப் பின்னாளில் படித்தேன். அந்த ஒரு வாக்கியத்தின் முன் தலைகுனிந்தது போல் வேறெங்கும் குனிந்ததில்லை.

டிசம்பர் பிறந்தால் பள்ளி வேறுகோலம் பூணும். அரையாண்டுத் தேர்வுக்கு இடையே குடில் கட்டுவதும், காகித நட்சத்திரம் ஒட்டுவதும், நாடக ஒத்திகையுமாக அமளிப்படும். எட்டாம் வகுப்பில் என்னையும் நாடகத்தில் சேர்க்க ஆசிரியர் விரும்பினார். அத்தாவிடம் கேட்டேன். அவர் சற்று யோசித்து, "உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு உதவி செய். திரைச்சீலை இழு. மேடை ஏற வேண்டாம். காரணத்தை ஆசிரியரிடம் மரியாதையாகச் சொல்" என்றார். சொன்னேன். ஆசிரியர் சிரித்துவிட்டு, திரைக்கயிற்றை என் கையில் தந்தார். மூன்று ஆண்டுகள் அப்பள்ளியின் கிறித்து பிறப்பு விழாவில் திரை இழுத்தவன் நானே!

1993ஆம் ஆண்டு ரமளானும் கிறித்தவர்களின் தவக்காலமும் பிப்ரவரி இறுதி வாரத்தில் ஏறக்குறைய ஒன்றாகத் தொடங்கின. நான் நோன்பு நோற்றிருந்தேன். என் பக்கத்து இருக்கை நண்பன் தவக்காலத்துக்காகப் புலாலையும் இனிப்பையும் விட்டிருந்தான். மற்றவர்கள் வேப்பமரத்தடியில் உணவுப் பெட்டிகளைத் திறக்கும்போது நாங்கள் இருவரும் நூலகத்துக்குப் போய்விடுவோம். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாட்கள் குறைவாதலின், ரமளான் ஒவ்வோர் ஆண்டும் முன்னேறிச் சென்று, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் பழைய பருவத்துக்கே திரும்பும். 2025 மார்ச் மாதம் அவ்விரு நோன்புகளும் மீண்டும் அருகருகே தொடங்கியபோது அந்நண்பன் தொலைபேசியில் அழைத்து, "நூலகம் நினைவிருக்கிறதா?" என்று கேட்டான். நினைவில்லாமலா போகும்?

அச்சம் புதிதன்று

இவ்வளவும் கூறுவதால், பெற்றோரின் அச்சம் வீண் அச்சம் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன் என்னும் பாதிரியார் 1837இல் சென்னையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். கல்வியின் வழியாகத் தம் சமயத்தைப் பரப்புவதே அவரது நோக்கம். அதை அவர் மறைக்கவுமில்லை. காஞ்சிபுரத்திலும் செங்கற்பட்டிலும் அதன் கிளைகள் தோன்றின. காஞ்சியில் அவர் பெயர் தாங்கிய பள்ளி இன்றும் உள்ளது. செங்கற்பட்டில் புனித கொலம்பா பள்ளி அந்த ஸ்காட்லாந்து மரபில் வந்ததாகும். சென்னைப் பள்ளியே வளர்ந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியாகி, 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது.

1841இல் ஆண்டர்சன் பள்ளி மாணவர் சிலர் திருமுழுக்குப் பெற்றபோது நகரமே கொந்தளித்தது. பெற்றோர் பலர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டனர். மறுஆண்டே பச்சையப்பர் அறக்கட்டளையின் பள்ளி எழுந்தது. ஆக, அன்று அஞ்சியவர்களும் காரணமின்றி அஞ்சவில்லை. ஆயினும் அதே பள்ளியின் மற்றொரு நிகழ்ச்சியையும் நாம் மறத்தல் தகாது. தாழ்த்தப்பட்ட வகுப்புச் சிறுவர்கள் அங்குச் சேர்ந்ததையறிந்து, அவர்களை நீக்கினாலன்றித் தம் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்று உயர்சாதியார் வற்புறுத்தினர். ஆண்டர்சன் இணங்கவில்லை. மாணவர்களை இழந்தாரேயன்றி அச்சிறுவர்களை நீக்கவில்லை. பள்ளியின் கதவு யாவருக்கும் ஒன்று என்னும் அந்த உறுதியினால் பயன்பெற்றோர் கோடானுகோடி. நம் சமுதாயமும் அவர்களுள் ஒன்று.

தஞ்சையில் பணியாற்றிய சுவார்ட்ஸ் பாதிரியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1779இல் ஆங்கிலேயர் ஹைதர் அலியிடம் தூதனுப்ப விரும்பியபோது, ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றவர் அவரே. ஆங்கிலேயரின் பேச்சை நம்ப மறுத்த ஹைதர், இப்பாதிரியாரின் நேர்மையை நம்பினார். சமயத்தால் வேறுபட்ட இருவரிடையே வாய்மை ஒரு பாலமாயிற்று. அந்தச் சுவார்ட்ஸின் பெயரைத் தாங்கிய இராமநாதபுரம் பள்ளியில்தான், இராமேசுவரத்துப் படகோட்டிக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் பிற்காலத்தில் சேர்ந்தான். பள்ளிவாசலில் தொழுகை நடத்திய தந்தையின் மகன். அவனே டாக்டர் அ.ப.ஜெ. அப்துல் கலாம்.

அங்கு அய்யாத்துரை சாலமோன் என்னும் ஆசிரியர் தம் உள்ளத்தில் ஏற்றிய நம்பிக்கையைக் கலாம் அவர்கள் தம் வரலாற்றில் நன்றியோடு எழுதியிருக்கிறார். பின்னர் அவர் திருச்சி புனித சூசையப்பர் கல்லூரி விடுதியில் தங்கிப் பயின்றார். அவருடைய அறைத் தோழர்கள் இருவர். ஒருவர் திருவரங்கத்து ஐயங்கார். மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறித்தவர். மூவரும் மனமொத்து வாழ்ந்தனர். கலாம் அவர்கள் சைவ உணவுக்குழுவின் செயலாளராகவும் இருந்தார்! 2002இல் இந்நாட்டின் குடியரசுத் தலைவரானார். 2015இல் மறைந்தபோது இராமேசுவரத்து மண்ணில், ஜனாஸாத் தொழுகையுடன் அடக்கம் செய்யப்பெற்றார். கிறித்தவப் பள்ளியும் கல்லூரியும் அவரிடமிருந்து எதைப் பறித்தன? எவ்வளவு கொடுத்தன? நேயர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

மதீனாவின் முதல் ஆசிரியர்கள்

பிற சமயத்தாரிடம் கல்வி கற்பது மார்க்கத்தில் ஆகுமா என்று கேட்போர்க்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறேன். பத்ருப் போரில் (கி.பி. 624) சிறைப்பட்ட மக்கத்தாருள், மீட்புத் தொகை செலுத்த இயலாத எழுத்தறிந்தவர்கள், அன்ஸாரிகளின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்பித்தால் விடுதலை பெறலாம் என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். அந்த ஆசிரியர்கள் யார்? இஸ்லாத்தை அழிக்க வாளேந்தி வந்தவர்கள்! அவர்களிடம் எழுத்தைக் கற்க முஸ்லிம் சிறுவர்கள் அமர்த்தப்பட்டனர். அச்சிறுவர்களின் ஈமான் கரைந்துவிடவில்லை. ஏன்? பள்ளிவாசலும் வீடும் அவர்களுக்கு ஈமானை ஊட்டின. கைதிகள் எழுத்தை மட்டும் ஊட்டினர்.

அதற்கும் முன்னர், மக்காவின் கொடுமைக்கு ஆற்றாது நம் முன்னோர் அபிஸீனியா நாட்டுக்கு அகதிகளாகச் சென்றபோது புகலிடம் தந்த நஜ்ஜாஷி மன்னர் ஒரு கிறித்தவர். அவருடைய அவையில் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் மர்யம் அத்தியாயத்திலிருந்து ஓதிக் காட்டினார்கள். அன்னை மர்யம் (அலை), ஈஸா நபி (அலை) பற்றி நம் நம்பிக்கை இன்னதென்று தெளிவாக எடுத்துரைத்தார்கள். மன்னர் கண்கலங்கினார். ஜஅஃபர் (ரலி) காதுகளை அடைத்துக்கொள்ளவில்லை; தம் கொள்கையைக் குறைத்தும் கூறவில்லை. அறிந்திருந்தார்கள், ஆதலின் அஞ்சவில்லை.

நம் பிள்ளைகளுக்கு இவ்வறிவைத் தருகிறோமா? ஈஸா நபியையும் மர்யம் அன்னையையும் நாமும் கண்ணியப்படுத்துகிறோம்; ஆனால் இறைவனுக்கு மகன் உண்டென்பதை ஏற்பதில்லை; பிரார்த்தனை அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. இந்த மூன்று செய்திகளை ஏழு வயதுப் பிள்ளைக்கும் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். அதைச் சொல்லாமல், "கேட்காதே, பார்க்காதே, தொடாதே" என்று மட்டும் கூறி அனுப்பினால், பிள்ளை காதைத்தான் அடைத்துக்கொள்ளும்.

சட்டம் தரும் காப்பு

1950 ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு, மூன்றாம் உட்பிரிவைப் பெற்றோர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற எந்தக் கல்வி நிலையத்திலும், ஒரு மாணவரைச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளுமாறு கட்டாயப்படுத்த இயலாது. அவரது இசைவு வேண்டும். சிறுவராயின் பெற்றோரின் அல்லது காப்பாளரின் இசைவு வேண்டும்.

இந்த மனச்சாட்சி உரிமையை உறுதிப்படுத்திய புகழ்பெற்ற தீர்ப்பு ஒன்று 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் வழங்கப்பட்டது. வழக்குத் தொடுத்தவர்கள் யார் தெரியுமா? கேரளத்தைச் சேர்ந்த கிறித்தவக் குழந்தைகள் மூவர். யெகோவா சாட்சிகள் என்னும் பிரிவினர். தேசியகீதம் இசைக்கப்படும்போது மரியாதையுடன் எழுந்து நிற்பார்கள்; ஆனால் தம் நம்பிக்கையின் காரணமாகப் பாடமாட்டார்கள். அதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். பணிவோடு எழுந்து நிற்பவர் பாடவில்லை என்பதால் அவமதித்தவர் ஆகமாட்டார் என்று தீர்ப்பளித்து, நீதிமன்றம் அவர்களை மீண்டும் பள்ளியில் சேர்க்கச் செய்தது. கிறித்தவக் குழந்தைகள் பெற்றுத் தந்த அந்த நீதி, கிறித்தவப் பள்ளியில் மௌனமாக நிற்கும் நம் குழந்தைக்கும் அரணாகிறது.

அதே அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு, சிறுபான்மையினர் தமக்கெனக் கல்வி நிலையங்கள் நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. கிறித்தவப் பள்ளிகள் நிற்பதும் அவ்வுரிமையின் மீதே; நம் நிலையங்கள் நிற்பதும் அதன் மீதே. 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1951இல் தொடங்கிய திருச்சி ஜமால் முகம்மது கல்லூரி, சென்னை புதுக்கல்லூரி ஆகியவற்றில் பிற சமய மாணவர்கள் பெருந்தொகையாகப் பயின்று வருகின்றனர். அங்கே ஒரு கிறித்தவ மாணவனோ இந்து மாணவனோ எவ்விதக் கண்ணியத்தோடு நடத்தப்பட வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அதையே நம் பிள்ளைக்கும் கேட்கிறோம். கேட்பதற்கு முன் கொடுத்திருக்கிறோமா என்பதையும் நம் நிலையங்களை நடத்துவோர் எண்ணிப் பார்த்தல் நலம்.

என் பிழை

இனி, நான் முன்னர்க் குறிப்பிட்ட காரணத்துக்கு வருகிறேன். எழுதக் கை கூசுகிறது. ஆயினும் எழுதியாக வேண்டும்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், மதரஸாப் பணிக்கு நான் புதியவன். பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் என்னிடம் ஓதிவந்தான். அவனும் கிறித்தவப் பள்ளியில் பயின்றவன், கணக்கில் சூரன். ஒருநாள் தந்தையுடன் வந்தான். பள்ளியில் கற்ற கிறித்தவப் பாடல் ஒன்றை வீட்டில் முணுமுணுத்துக்கொண்டிருந்தானாம். தந்தை கொதித்துப்போயிருந்தார். "இது ஆகுமா ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

அன்று நான் என்ன செய்திருக்க வேண்டும்? சிறுவனை அருகில் அமர்த்தி, அப்பாடலின் பொருள் என்ன, நம் கொள்கை என்ன என்று விளக்கியிருக்க வேண்டும். என் தலைமையாசிரியரையும், என் அத்தாவையும், திரைக்கயிற்றையும் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நானோ, நாலுபேர் பார்க்கும் இடத்தில் என் மார்க்கப் பற்றைக் காட்டிக்கொள்ள விரும்பினேன். "அந்த இடத்தில் பிள்ளையை வைத்திருப்பதே தவறு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன்.

மறுவாரமே அவன் நிறுத்தப்பட்டான். வேறு பள்ளியில் சேர்ப்பதாகத் தந்தை கூறினார். ஆண்டின் நடுவில் இடம் கிடைக்கவில்லை. "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்றார்கள். அந்த அடுத்த ஆண்டு வரவேயில்லை. மாமல்லபுரத்தில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தான். இன்று ஆட்டோ ஓட்டுகிறான். ஹலாலான உழைப்பு, அதில் இழிவு ஏதுமில்லை. என்னைக் காணும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி ஸலாம் கூறுகிறான். அவன் ஸலாத்தில் குறையேதும் இல்லை. பதில் கூறும் என் நாவுதான் ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறது. மறுமையில் அவனுடைய கணக்குப் புத்தகத்தைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்டால் நான் என்ன விடை கூறுவேன்?

செய்ய வேண்டியவை

அப்பிழையிலிருந்து நான் கற்றவற்றைப் பெற்றோர்க்குச் சொல்கிறேன். பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே தலைமையாசிரியரைச் சந்தித்து, வழிபாடு, வெள்ளிக்கிழமை, தலைமுக்காடு, நோன்புக்காலம் ஆகியவற்றைப் பற்றிப் பணிவாகப் பேசிவிடுங்கள். பேச வேண்டியவற்றைப் பெற்றோர் பேசாமல் விட்டால், அச்சுமை முழுவதும் பிள்ளையின் சிறு தோளில் விழுகிறது. எழுத்தில் கொடுப்பது இன்னும் நல்லது. பெரும்பாலான பள்ளிகள் மதித்து நடப்பதையே நான் கண்டிருக்கிறேன். எங்கேனும் ஒரு பள்ளி கேளாது வற்புறுத்துமாயின், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. அங்கும் முதலில் பேச்சு, பின்னரே முறையீடு.

வழிபாட்டு வேளையில் பிள்ளை மரியாதையுடன் மௌனமாக நிற்கட்டும். நெஞ்சுக்குள் தனக்குத் தெரிந்த துஆவை ஓதட்டும். பிறர் வழிபாட்டைக் கேலி செய்தல் கூடாது என்பதையும் சேர்த்துக் கற்பியுங்கள். நண்பன் கேக் கொடுத்தால் என்ன செய்வது, நாடகத்துக்கு அழைத்தால் என்ன செய்வது என்பவற்றை முன்னதாகவே பேசி வையுங்கள். இத்தகைய செய்திகளில் குடும்பத்துக்குக் குடும்பம் பேணுதல் வேறுபடலாம். எதுவாயினும், "எங்கள் வீட்டில் இப்படி, மன்னியுங்கள்" என்று புன்னகையுடன் சொல்லப் பிள்ளை பழக வேண்டும். பெருநாளன்று அந்த நண்பனையும் ஆசிரியரையும் வீட்டுக்கு அழையுங்கள்.

யாவற்றினும் முதன்மையானது மக்தபு. பள்ளியின் தூரத்தைக் காரணம் காட்டி ஓதுவதை நிறுத்திவிட்டு, பின்னர்ப் பள்ளியின்மீது பழிபோடுவது அறமாகாது. மாலையில் இயலாதவர்க்குப் பஜ்ருக்குப் பின் நேரம் ஒதுக்க மதரஸாக்களும் முன்வர வேண்டும். எங்கள் மதரஸாவில் அந்தச் சிறுமியின் பொருட்டு சனி, ஞாயிறு காலை வகுப்பைத் தொடங்கியிருக்கிறோம். முதல் நாளில் நான்கு பேர் வந்தனர். இப்போது பதினொருவர்.

இரு மடல்கள்

அன்று மாலை தண்ணீர் ஓதித் தரவில்லை. சிறுமியிடம் நஜ்ஜாஷி மன்னரின் அவையைப் பற்றிக் கதையாகச் சொன்னேன். பின்னர் அவளுடைய தாயார் பள்ளித் தலைமையாசிரியைக்கு ஒரு மடல் எழுதினார். காதுவலி என்று சொன்னது பொய் என்பதையும், அதன் காரணத்தையும், தம் மகள் வழிபாட்டின்போது மௌனமாக நிற்க விரும்புகிறாள் என்பதையும் ஒளிவின்றி அதில் குறிப்பிட்டார். சிறுமி தன் கையாலேயே அடியில் ஒரு வரி சேர்த்தாள்: "டீச்சர், பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்."

மூன்றாம் நாள் பதில் மடல் வந்தது. சிறுமி மௌனமாக நிற்கலாம் என்றும், இதனை முன்பே கூறியிருந்தால் குழந்தை பத்து நாள் வருந்தியிருக்க வேண்டாமே என்றும் தலைமையாசிரியை எழுதியிருந்தார். இறுதியில், உண்மையை எழுதத் துணிந்த மாணவியைக் கண்டு பெருமைப்படுவதாகவும் குறித்திருந்தார். அம்மடலைச் சிறுமி தன் குர்ஆன் உறையில் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பின், அந்த ஆட்டோ ஓட்டும் தம்பி மதரஸா வாயிலில் வண்டியை நிறுத்தினான். உள்ளே ஐந்து வயது மகன் அமர்ந்திருந்தான்.

"ஹஜ்ரத், வருகிற ஜூனில் இவனைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். நான் படித்த பள்ளியிலேயே சேர்க்கலாமா? உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று வந்தேன்" என்றான்.

பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் என் ஒரு வார்த்தைக்காக வந்து நிற்கிறான்! எனக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. அன்று நான் செய்தது பிழை என்பதை அவனிடம் வாய்விட்டுக் கூறினேன். அவன் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. மகனை இறக்கி என் முன் நிறுத்தினான்.

"சேர்த்துவிடு தம்பி. சேர்க்கும் நாளில் நானும் உடன் வருகிறேன். தலைமையாசிரியரிடம் இருவருமாகப் பேசுவோம். சனிக்கிழமை காலை பிள்ளையை இங்கே அனுப்பு" என்றேன்.

பள்ளியின் மணியோசையும் பள்ளிவாசலின் பாங்கொலியும் நம் பிள்ளைகளின் செவியில் சேர்ந்தே ஒலிக்கட்டும். ஒன்று கல்விக்கு அழைக்கிறது. மற்றொன்று தொழுகைக்கு அழைக்கிறது. இரண்டுக்கும் செவிசாய்க்கும் பிள்ளைகளாக நம் மக்களை வளர்த்தெடுக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! நம் பிழைகளைப் பொறுத்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.